பல படிச் சவ்வு

நாற்பத்திரண்டு சவ்வுத் தாள்களையும் கழுவி எடுக்க இசைவாணிக்குத் தொண்ணூற்றாறு மணி நேரம் ஆனது. அவை என்ன பொருள் என்று முடிவு செய்ய மையத்துக்கு நூற்று முப்பத்தொரு நாள் ஆனது.

மையத்தின் முழுப்பெயர் வள மறுசுழற்சி மற்றும் மறுபயன்பாட்டு உயராய்வு மையம். திண்டுக்கல்லிலிருந்து சின்னாளப்பட்டி போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகப் போய்விட்டதால் அதன் கடைசிப் பகுதியைப் பக்கத்து வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். பஸ் நடத்துனர்கள் 'மரத்து ஆபீஸ்' என்று சொல்லித்தான் ஆளை இறக்கிவிடுவார்கள்.

இசைவாணி கன்னிவாடிப் பெண். எம்.எஸ்ஸி. வேதியியல். பேச வராது. நேர்முகத் தேர்வில் கேட்ட எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினாள். இப்படிப்பட்ட ஊழியரைத்தான் இத்தனை வருடமாகத் தேடிக்கொண்டிருந்ததாக இயக்குநர் சொல்லி, ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டார்.

மலை மேல் இருந்த ஒரு செல்போன் கோபுரத்துக்கு, கரண்ட் போனால் ஓட்டுவதற்காக ஹைட்ரஜன் மின்கலம் ஒன்று வைத்திருந்தார்கள். அது பழுதாகி, மையத்தின் கிடங்குக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கலத்துக்குள்ளே அப்பளக் கட்டு மாதிரி தாள்கள் அடுக்கியிருக்கும். தாளின் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று. நடுவில் தாள் தன் வேலையைச் செய்தால் மின்சாரம் வரும், கடைசியில் தண்ணீர் சொட்டும். புகை கிடையாது, சத்தம் கிடையாது. கலம் செத்தாலும் தாள் சாவதில்லை என்று இசைவாணி படித்திருந்தாள். யாரும் சொல்லாமலே ஒவ்வொரு தாளாகப் பிரித்தாள். ஒட்டியிருந்த கரிப் பூச்சை ஊறவைத்து எடுத்தாள், நீர்த்த அமிலத்தில் கொதிக்கவைத்தாள், காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசினாள். நாற்பத்திரண்டும் தேறின. ஒன்றைச் சின்னக் கலத்தில் பொருத்திப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஆள் இல்லாததால், சிரித்தாள்.

கோயம்புத்தூரில் இந்த மாதிரித் தாள்களைத் திரும்பப் பயன்படுத்தும் சின்ன நிறுவனம் ஒன்று இருந்தது. அதை நடத்தும் பானுப்ரியா போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"தாளோட வந்தீங்கன்னா வேலை உங்களுக்குத்தானுங்க. ஆனா ஈரமா வரோணும். காஞ்சு விரிசல் விட்டுதுன்னா எங்களுக்கு ஆகாதுங்க. அப்புறம், பழைய இடத்துல விடுவிப்பு ஆணை வாங்கிட்டு வந்துருங்க. நாளைக்குப் பிரச்சினை ஆகக் கூடாது பாருங்க."

வேலை, தாள், ஆணை. இசைவாணிக்கு இந்த மூன்றும் வேண்டும். கிடைக்காவிட்டால் சித்தப்பாவின் நூல் மில்லில் கோன் எண்ணும் வேலை காத்திருந்தது.

தாளை வெளியே கொண்டுபோக வேண்டுமானால் முதலில் அது உள்ளே இருப்பதாகப் பதிய வேண்டும் என்றார்கள். பதிவுக் கண்காணிப்பாளர் சடையாண்டியிடம் போனாள்.

"என்ன பொருளும்மா?"

"பாலிமர் சவ்வு சார்."

"பாலிமர்னா?"

"ஒரு மாதிரியான பிளா..."

சடையாண்டி கையை உயர்த்தி நிறுத்தினார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்த வார்த்தை இந்த வளாகத்துக்குள்ள வேணாம். வாசல்ல என்ன போட்டிருக்கு?"

வாசலில் இருபதடி நீளத்துக்கு ஃபிளெக்ஸ் பேனர் தொங்கியது. 'நெகிழி இல்லா வளாகம்' என்று அதில் எழுதியிருந்தது. போன வருடம் அதற்காகக் கேடயம் வாங்கியிருந்தார்கள். அன்றிலிருந்து காவலாளி ஆண்டிச்சாமி பால் பாக்கெட்டைக்கூட உள்ளே விடுவதில்லை. ஊழியர்கள் சாம்பாரை எவர்சில்வர் தூக்கில் கொண்டுவந்தார்கள். பேனா மட்டும் விதிவிலக்கு. பேனா இல்லாவிட்டால் கையெழுத்துப் போட முடியாது.

"தமிழ்ல என்ன பேரு?" என்றார் சடையாண்டி.

"பலபடிச் சவ்வு."

"அப்படிச் சொல்லு! சவ்வு எனக்குத் தெரியாதா? இருவது வருசம் பேகம்பூர்ல தோல் பதனிடுற ஷாப்புகளுக்கு அலைஞ்சவன் நானு. ஆட்டுத் தோலுக்கு உள்பக்கம் செதுக்கி எடுப்பாங்களே, அம்புட்டும் சவ்வுதான்." தொட்டிக்குள் விரல் விட்டு ஒரு தாளைத் தொட்டுப் பார்த்தார். அது ஈரத்தில் மெத்தென்று இருந்தது. "அதே பதம்! கழுவி வச்சிருக்கீக, வாடை இல்ல. நல்ல பிள்ள."

பொருள்: சவ்வு. வகை: பிராணி. அளவு: பல படி. அப்படித்தான் பதிந்தார்.

இசைவாணி வாயைத் திறந்தாள். சடையாண்டி நிமிர்ந்து பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பத்தாம் நாள் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு கேள்வி வந்தது: பல படி என்றால் எத்தனை படி? சடையாண்டி அரிசி அளக்கும் படியுடன் வந்து அளக்க முயன்றார். தாள் படியில் நிற்கவில்லை. 'தோராயமாக மூன்று படி, அமுக்கினால் இரண்டு' என்று பதில் போனது.

பிராணி வகை என்று பதிவாகிவிட்டதால் கால்நடை மருத்துவரின் சான்று தேவைப்பட்டது. டாக்டர் ஸ்டீபன்ராஜ் வந்தார். பசுவுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார், அவசரத்தில் இருந்தார். தொட்டியைப் பார்த்தார். இசைவாணியைப் பார்த்தார்.

"மிச்ச உடம்பு எங்கம்மா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"எப்பச் செத்துச்சு? தீவனம் எடுத்துச்சா? கழிச்சல் இருந்துச்சா?"

மறுபடியும் ஆட்டினாள். அவருடைய அறிக்கை இரண்டே வரி. 'பரிசோதனையின்போது விலங்கு காணப்படவில்லை. மற்றபடி நலமாக உள்ளது.'

என்ன விலங்கு என்பதை அறிக்கை சொல்லவில்லை. அதை முடிவு செய்ய இயக்குநர் முனைவர் முத்துக்கிருஷ்ணன் தன் அறையில் கூட்டம் போட்டார். அவர் ஒரு காலத்தில் இயற்பியல் படித்தவர் என்று சொல்வார்கள். அதற்கான தடயம் எதுவும் அவரிடம் மிச்சமில்லை.

"மாடா, ஆடா?" என்று கேட்டார்.

எல்லாரும் சடையாண்டியைப் பார்த்தார்கள்.

"மாடுன்னு போட்டா என்ன ஆகும்?"

"ஊருக்குள்ள பேச்சு வரும் சார்," என்றார் சடையாண்டி. "வேன் எடுத்துட்டு வாசலுக்கே வந்துருவாங்க."

"ஆடுன்னு போட்டா?"

"ஆட்டுக்குக் கொடி பிடிக்க யாரு சார் இருக்கா?"

"அப்ப ஆடு," என்றார் இயக்குநர். "அறிவியல்னா இதுதான். ஒவ்வொரு சாத்தியத்தையும் எடுத்துப் பாத்து, எதுல நமக்குக் கெடுதல் இல்லையோ, அதுதான் உண்மை."

இசைவாணி மூலையில் நின்றுகொண்டிருந்தாள். கூட்டம் கலையும்போது இயக்குநர் அவளைக் கவனித்தார்.

"எதாவது சொல்லணுமாம்மா?"

"தாளை... கோயம்புத்தூர்..."

"அது வெளிய போறதா? ஏம்மா, நம்ம சாதனை என்ன தெரியுமா? ஏழு வருசத்துல இந்த மையம் ஒரு பொருளைக்கூட வீணாக்கினதில்ல. ஏன்? ஒரு பொருளைக்கூட நாம வெளிய விட்டதில்ல! எடுத்துட்டுப் போறவன் அதை என்ன செய்வானோ? உபயோகிச்சுருவான். உபயோகிச்சா தேயும். மறுசுழற்சி எங்க நடக்கும்? நம்ம கிடங்குல, பூட்டுக்குள்ள. அங்கதான் பொருளுக்குப் பாதுகாப்பு."

கிடங்கில் ஏழு வருடத்துப் பொருள்கள் பாதுகாப்பாக இருந்தன. ஓடாத மின்விசிறிகள், தையல் இயந்திரங்கள், சூரியத் தகடுகள். திண்டுக்கல் பூட்டு என்பதால் உடைக்கவும் முடியாது. சாவி சடையாண்டியின் அரைஞாண் கயிற்றில் இருந்தது. தினமும் காலையில் அவர் பின்னாலேயே போய் இசைவாணி தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு வருவாள். நனைந்த தாள்கள் அவள் விரலில் லேசாக ஒட்டும்.

ஆடு என்று முடிவானதும் ஆட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி எழுந்தது. நாளைக்கு அவர் வந்து உரிமை கேட்டால்? துணைக்குழு ஒன்று அமைத்தார்கள். குழு ஒரு தாளின் புகைப்படத்தோடு வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போனது. குறிப்பெடுக்க இசைவாணியையும் ஏற்றிக்கொண்டார்கள். சடையாண்டி ஒவ்வொரு வியாபாரியிடமும் படத்தை நீட்டி, "இது உங்க ஆடா பாருங்க," என்றார்.

ஒரு கிழவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏப்பு, ஆட்டைத் தொலைச்சவன் தேடுவான், பாத்திருக்கேன். ஆட்டோட ஜவ்வை வச்சுக்கிட்டு ஆளைத் தேடுறீகளே, நீங்க எந்த டிப்பார்ட்மென்டு?"

"உயராய்வு."

"அதானே பாத்தேன்," என்றார் கிழவர். பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "ஏலே, கிடாயைப் பின்னாடி இழுத்துக் கட்டு. இவுக வேற படம் எடுத்துரப் போறாக," என்றார்.

குழுவுக்கு ஆட்டின் சொந்தக்காரர் கிடைக்கவில்லை. மதியம் ஒரு கடையில் ஆடு கிடைத்தது. சீரகச் சம்பா அரிசியில், எலும்போடு. சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். பயணம் நிறைவாக இருந்ததென்று அறிக்கை எழுதினார்கள்.

அடுத்த வாரம் இயக்குநர் ஒரு ஆணை போட்டார். பிராணியின் தோல் சார்ந்த பொருள் நீண்ட நாள் கிடங்கில் கிடந்தால் உப்பு போட்டு, வெயிலில் உலர்த்தி வைக்க வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும், மரியாதையுடன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உப்பு. இரண்டு மூட்டை கல்லுப்பு வந்து இறங்கிவிட்டது.

உப்பு ஏறினால் தாள் வேலை செய்யாது. ஹைட்ரஜன் போக வேண்டிய வழியிலெல்லாம் உப்பின் சோடியம் போய் உட்கார்ந்துகொள்ளும். அதையாவது மறுபடி அமிலத்தில் கொதிக்கவைத்து மீட்டுவிடலாம். சித்திரை வெயிலில் உலர்த்திய தாளை யாராலும் மீட்க முடியாது, அப்பளம்போல நொறுங்கிவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் இசைவாணி பேகம்பூருக்குப் போனாள். கல்லூரித் தோழி பாத்திமா, படிப்பு முடித்து அப்பாவின் தோல் ஷாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இசைவாணி வாய் திறந்து பேசும் ஆள் ஊரில் அவள் ஒருத்திதான். நடந்ததைச் சொன்னாள். பாத்திமா சிரித்துச் சிரித்துத் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள்.

"யா அல்லாஹ்! டாக்டரு என்ன எழுதினாரு? திரும்பச் சொல்லு."

"மற்றபடி நலமாக உள்ளது."

"போதும்டி, வயிறு வலிக்குது." சிரிப்பு அடங்கி நிமிர்ந்தாள். "அது என்னான்னு அவங்க கிட்டச் சொல்ல வேண்டியதுதானே? வாய்ல கொழுக்கட்டையா?"

"சொல்ல விட மாட்டேங்குறாங்க. அந்த வார்த்தையே கூடாதுங்குறாங்க."

"ஒரு தாள் என்ன அளவு?"

"நோட்டுப் பக்கம் அளவு."

"நாப்பத்திரண்டு. சரி. நாளைக்குக் காலையில பெரிய தூக்குவாளியா ஒண்ணு எடுத்துட்டு வா. மூடி நல்லா இறுகணும்."

"எதுக்குடி?"

பாத்திமா அவள் காதில் சொன்னாள். இசைவாணி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பிறகு வேறு மாதிரி ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் மாற்றாவிட்டால் உப்பு ஏறாது என்று சொல்லிச் சடையாண்டி வீட்டில் சாவி கேட்டாள். கறி வெட்டிக்கொண்டிருந்தவர் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தார். வாசலில் ஆண்டிச்சாமி இருந்தார். பாத்திமா ஷாப்பிலிருந்து நிரம்பி வந்த தூக்குவாளி எவர்சில்வர் என்பதால் உள்ளே போகும்போது திறந்து பார்க்கவில்லை. வெளியே வரும்போது நிறுத்தினார்.

"உள்ள என்ன பாப்பா? எதுவும் வெளிய போகக் கூடாதுன்னு ஆர்டரு."

மூடியைத் திறந்தார். தண்ணீருக்குள் தாள்கள். இசைவாணியின் காது மடல் சிவந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வளாகத்தில் அந்தச் சொல்லைச் சொன்னாள்.

"பிளாஸ்டிக்ண்ணே."

ஆண்டிச்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டென்று மூடியைப் போட்டு இறுக்கினார்.

"அடப்பாவி மக்கா, இது எப்படி உள்ள வந்துச்சு? எம் பொழப்புல மண்ணு விழும். யாராச்சும் பாக்குறதுக்குள்ள கொண்டு போயிரு. ஓடு தாயி, ஓடு!"

அவள் ஓடினாள்.

திங்கட்கிழமை திட்டமிட்டபடி உப்பு போட்டார்கள். தொட்டியைத் திறந்ததும் சடையாண்டி மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார்.

"பாத்தீகளா! கெடக்கக் கெடக்கத்தான் சவ்வுக்குக் குணமே வரும். இப்பத்தான் வாசம் வந்திருக்கு."

டாக்டர் ஸ்டீபன்ராஜைத் திரும்ப அழைத்தார்கள். இந்த முறை அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஒரு துணுக்கை வெட்டி எடுத்துப் போனார். ஐந்தாம் நாள் அறிக்கை வந்தது. 'இனம்: வெள்ளாடு. வயது ஒன்றரை இருக்கலாம். ஐயத்துக்கு இடமில்லை.' அறிக்கையை இசைவாணி இரண்டு முறை படித்தாள். ஒரு பிழைகூட அவள் கண்ணில் படவில்லை.

இயக்குநர் மகிழ்ந்துபோனார். தான் மேசையில் அமர்ந்து கண்டுபிடித்ததை ஆய்வகம் பின்னால் வந்து உறுதிப்படுத்தியிருக்கிறது. இனிப் புதைப்பதாவது? உலர்த்தல்கூட வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். சென்னையிலிருந்து மதிப்பீட்டுக் குழு வரும் நாளில் இதையே மேடையில் வைக்க உத்தரவிட்டார். ஏழு வருடத்தில் மையம் செய்த ஒரே வேலை இதுதான் என்பதால் போட்டிக்கு வேறு பொருளும் இல்லை.

இசைவாணி விடுவிப்பு ஆணைக்காக அவர் அறை வாசலில் நின்றாள்.

"விழா முடியட்டும். அங்கயே கையெழுத்துப் போட்டுத் தாரேன். தொட்டிப் பக்கத்துல நீதான் நிக்கணும். யாரு என்ன கேட்டாலும் தலையை ஆட்டு. வாய் தொறக்கத் தெரிஞ்சவன் எவனையும் நான் அங்க நிறுத்த மாட்டேன்."

விழா அன்று தொட்டியில் இருந்த உப்பைக் களைந்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினார்கள். வாசத்துக்காக ஒரு பாட்டில் பன்னீர் கலந்தார்கள். சுற்றிலும் சாமந்தி மாலை போட்டார்கள். குழுத் தலைவர் வயதான பேராசிரியர். மேடைக்கு வந்தவர் முதலில் இசைவாணியைத்தான் பார்த்தார்.

"சாப்பிட்டியாம்மா? ஏன் நின்னுக்கிட்டே இருக்க? யாராவது இந்தப் பிள்ளைக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா."

மையத்தில் அவளிடம் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. நாற்காலி வந்தது. அவள் உட்காரவில்லை.

இயக்குநர் பேசினார்.

"இந்த மேடையில ஒவ்வொரு வருசமும் நான் இதே உரையைத்தான் நிகழ்த்துறேன். அதுவும் மறுபயன்பாடுதான். போன வருசம் பஞ்சுக் கழிவுன்னு இருந்த இடத்துல இந்த வருசம் சவ்வுன்னு போட்டிருக்கேன். மத்தபடி ஒரு சொல்லைக்கூட வீணாக்கல. சிலர் கேக்குறாங்க, மையம் என்ன கண்டுபிடிச்சதுன்னு. கண்டுபிடிப்பு யாருக்கு வேணும்? கண்டுபிடிச்சா அதைச் செய்யணும். செஞ்சா தப்பு வரும். தப்பே வராத மையம் இது."

கைதட்டினார்கள். பேராசிரியர் கையில் இருந்த அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"முத்துக்கிருஷ்ணன், இதுல வெள்ளாடுன்னு போட்டிருக்கே? ஹைட்ரஜன் கலத்துல ஆடு எங்கிருந்து வந்துச்சு? அதுல இருக்கறது பாலிமர்தானே?"

சடையாண்டி குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

இயக்குநர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "ஆடா? அச்சுப் பிழை சார். பாலிமர்தான்! சுத்தமான பாலிமர். முதல் நாளே நான் சொல்லிட்டேன். இந்த ஆபீஸ்காரங்க கேட்டாத்தானே?"

"இல்ல, நான் சைவம். அதுக்காகக் கேக்கல, விஞ்ஞானத்துக்காகத்தான் கேக்குறேன்."

"சைவத்துக்கும் இது உத்தரவாதம் சார். ஹைட்ரஜன் கலத்துலருந்து என்ன வெளிய வருது? வெறும் தண்ணி! இந்தச் சவ்வு தொட்ட தண்ணியைவிடச் சுத்தம் உலகத்துல கிடையாது. இப்பவே காட்டுறேன் பாருங்க."

டம்ளரைத் தொட்டிக்குள் விட்டு ஒரு முக்கு முக்கினார். மாலையில் இருந்த ஒரு சாமந்தி இதழும் கூட வந்தது. அதை ஊதி ஒதுக்கிவிட்டு, அண்ணாந்து, முழுதும் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"லேசா உப்புக் கரிக்குது. கனிமச் சத்து."

சடையாண்டியும் ஒரு டம்ளர் குடித்தார். பதவி உயர்வு நிலுவையில் இருந்தது. குடித்துவிட்டு நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

இயக்குநர் இன்னொரு டம்ளரை நிரப்பிப் பேராசிரியரின் கையில் கொடுத்தார். பிறகு திரும்பி, பையிலிருந்து விடுவிப்பு ஆணையை எடுத்து விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றினார். கையெழுத்தின் முதல் எழுத்தைப் போட ஆரம்பித்தார். அவருடைய பெயர் நீளமான பெயர்.

பேராசிரியர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். குடிக்கும் முன் மரியாதைக்கு இசைவாணியைப் பார்த்து, "நீதானே கழுவினதும்மா? நல்லா இருக்கட்டும்," என்றார்.

அவள் தலையை ஆட்டப் பார்த்தாள். தலை ஆடவில்லை.

"சார், குடிக்காதீங்க!" குரல் ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் போனது. "சவ்வெல்லாம் ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே கோயம்புத்தூர் பஸ் ஏறிப் போயிருச்சு. இதுல கிடக்கிறது நெசமாவே ஆடு!"